நாலாம் வகுப்பின் கடைசி அட்டை

சின்னமனூர்
19.9.2010

அன்புள்ள ராஜாத்திக்கு,

உன் வீட்டுக்காரன் சுருளிவேல் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன், கடை இருக்கிறது, கரண்ட்தான் இருப்பதில்லை. தர்மபுரியில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நாமக்கல் பயிற்சியில் பத்து நாளும் ரசம் சாதத்திலேயே ஓட்டினேன் என்று சொன்னாய். ஊரில் இருக்கிற வாத்தியார்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிற கருத்தாளருக்கு ஒரு முட்டை வாங்கித் தின்னத் தெரியாதா?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே டவர் இல்லை என்று சொல்லி வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு டவர் வேண்டாம். கோபம் வந்தால் மடித்துப் பைக்குள் போட்டுக்கொள். எப்போதாவது பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. லோ வோல்டேஜில் மோட்டாரை ஓட்டுகிறார்கள், உள்ளே காயில் கம்பி கருகியதும் குழந்தையைத் தூக்கி வருவது மாதிரி தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் நேற்றே வேண்டுமாம். ஒருவரிடம் சத்தம் போட்டுவிட்டேன். பிறகு நானே டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். உனக்குத்தான் தெரியுமே என் லட்சணம்.

கோம்பையிலிருந்து மொக்கம்மாள் அக்கா வந்து இரண்டு நாள் இருந்தாள். வீட்டைப் பெருக்கித் துடைத்தாள், சமைத்துப் போட்டாள், கடைசியில் வழக்கமான பேச்சை எடுத்தாள். நம் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னியாக்கி, சின்னப் பெட்டியில் புதுப் பாவாடை சட்டையும் வளையலும் ரிப்பனும் வைத்துக் கும்பிடுவது வழக்கம் இல்லையா, அதைத்தான் சொல்கிறாள். ஏலே, பிள்ளைக்கு இன்னும் ஒரு துணி வச்சுக் கும்பிடலியே, அது வீட்டுக்குள்ளயும் வர முடியாம வெளியயும் போக முடியாம வாசல்லயே நிக்கிதுடா, எனக்குத் தெரியிது என்று அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் அவள் போன பிறகு வாசல்படியைத் தாண்டும்போது இரண்டு தடவை ஒதுங்கி நடந்தேன். சிரிக்காதே.

இதையெல்லாம் விடு. நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போடிப் பக்கத்தில் வேலை பார்க்கும் நல்லகண்ணு என்ற வாத்தியார், மாமனார் தோட்டத்து மோட்டாரைக் கொண்டு வந்திருந்தார். ‘அபிதா மோட்டார் ஒர்க்ஸ்’ என்ற போர்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அபிதான்னா ராஜாத்தி மேடம் பொண்ணா என்று கேட்டார். ஆமாம் என்றேன். மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டார். உங்க வீட்டம்மா பயிற்சியில தரையில உக்காரச் சொன்னாக, மூட்டு வலியில எனக்கு ஒரே எரிச்சல், ஆனா ஒங்க பொண்ணு கதையச் சொன்னாக பாருங்க, அன்னைக்குத்தேன் எனக்கு இந்த அட்டை முறையே விளங்குச்சு என்றார்.

பிறகு அவரே விவரமும் சொன்னார். காய்ச்சலில் கிடந்து ரொம்ப நாள் பள்ளிக்கு வராத பிள்ளை, வந்த அன்று யாரிடமும் கேட்கவில்லையாம். எந்த அட்டைக்கு அடுத்து எந்த அட்டை என்று சுவரில் நீங்கள் ஒட்டி வைக்கிற ஏணிப் படத்தில் தன் படி எது என்று தொட்டுப் பார்த்து, தட்டிலிருந்து சரியான அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் போய் உட்கார்ந்துவிட்டதாம். இப்ப நாலாவது வந்துருச்சாமே, நல்ல சூட்டிகை சார், நல்லாப் படிக்க வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராஜாத்தி, என் கையில் இருந்த ஸ்பானர் நின்ற இடத்தில் நின்றுவிட்டது. நம் பிள்ளை அந்தக் காய்ச்சலிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. வருகிற தை வந்தால் அவள் போய் மூன்று வருஷம். உன் வகுப்பில் உன் முன்னால் உட்கார்ந்து படித்தவள், ஒன்றாம் வகுப்பையே முடிக்கவில்லை. அந்த வாத்தியாரிடம் நான் என்ன சொல்வது? படிக்க வைக்கிறேன் சார் என்று சொன்னேன்.

அவர் யாருடைய கதையையோ நம் பிள்ளை மேல் ஏற்றிச் சொல்கிறாரா, அல்லது நீதான் அப்படிச் சொன்னாயா? கோபத்தில் கேட்கவில்லை. சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். முட்டை சாப்பிடு.

உன்
சுருளிவேல்


சின்னமனூர்
17.10.2010

அன்புள்ள ராஜாத்திக்கு,

நீ தர்மபுரி போய்ச் சேர்ந்த செய்தி பார்த்தேன். ‘ரீச்டு’ என்று ஒரே வார்த்தை. பரவாயில்லை, வார்த்தைக்குக் காசா பணமா என்று நான் கேட்க முடியாது, கருத்தாளர் பேச்சு முழுக்கப் பயிற்சி ஹாலுக்குப் போய்விடுகிறது.

தேனிப் பயிற்சிக்காக நீ வந்து இரண்டு நாள் வீட்டில் இருந்தாய். என் கடிதம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கிடைத்தது என்று நீயும் சொல்லவில்லை. நீ கொத்தவரங்காய் நறுக்கினாய், நான் மிக்ஸியின் பிரஷ் மாற்றினேன். மறுபடி வந்திருந்த அக்கா கன்னி பூஜைப் பேச்சை எடுத்த உடனே நீ எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாய். விருந்தாளி வந்த வீடு மாதிரி நாம் இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். தேனிப் பயிற்சி ஹாலில் தண்ணீர் வரவில்லை என்று எல்லாரும் முனகினீர்களே, மோட்டாரைச் சரி பண்ண வந்தவன் நான்தான். உளவு பார்க்க வந்தேன் என்று நினைக்காதே. வாட்ச்மேன் என்னைத் தெரிந்தவர், கூப்பிட்டார், வந்தேன். ஆனால் ஒரு கண்டன்சர் மாற்ற அரை நாள் எடுத்துக்கொண்டேனே, அது வேண்டுமென்று செய்ததுதான். மோட்டார் ரூமுக்கும் உன் ஹாலுக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான்.

பாய் விரித்து வாத்தியார்களும் டீச்சர்களும் பிள்ளைகள் மாதிரி வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் கம்பி கட்டி அவர்கள் வரைந்த படங்களைத் தொங்கவிட்டிருந்தீர்கள். பாதிப் பேருக்கு டீ எப்போது வரும் என்ற கவலை. நீ நடுவில் அட்டைக் கட்டோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாய். எத்தனை நாளாயிற்று உன் அந்தக் குரலைக் கேட்டு! வீட்டில் நீ பேசுவது வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கிறது.

கம்பம் பக்கத்து டீச்சர் ஒருவர் கேட்டார். எங்க ஊர்ல தாய் தகப்பன் ஏலக்காத் தோட்டத்துக்குப் போறப்ப பிள்ளைகளையும் மலைக்குக் கூட்டிட்டுப் போயிருறாக மேடம், மாசக் கணக்கா வராத பிள்ளைய என்ன செய்ய, படிச்சதெல்லாம் வீண்தானே என்று. நீ சட்டென்று நிமிர்ந்தாய். ஒன்றும் வீணாகாது, அந்தப் பிள்ளையின் அட்டைத் தட்டை எடுத்து ஒளித்து வைக்காதீர்கள், ஏணியில் அதன் பெயரை அழிக்காதீர்கள், எத்தனை நாள் கழித்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், இந்த முறையின் அருமையே அதுதான் என்றாய். பிறகு, என் வகுப்பில் அபிதா என்று ஒரு பிள்ளை, என் பிள்ளைதான் என்று ஆரம்பித்தாய். ஹாலில் டீக் கவலை போன இடம் தெரியவில்லை. எல்லாரும் உன் வாயையே பார்த்தார்கள்.

நானும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மேல் பல் இரண்டும் முளைத்து முன்னால் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதாம். தலையைத் தானே பின்னிக்கொள்கிறாளாம், வகிடு மட்டும் கோணலாகப் போகிறதாம். வகுத்தல் கணக்கில் மீதி வந்தால் பிடிக்காதாம். இந்த மீதிய யாருக்கும்மா குடுக்க என்று உன்னிடமே சண்டைக்கு வருகிறாளாம். அப்படியே பேசிக் காட்டினாய். அது நம் பிள்ளையின் குரல்தான், ஆனால் நான் கேட்காத வயதின் குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன், ராஜாத்தி. நாசமாய்ப் போன மோட்டார் ரூமில் நின்றுகொண்டு, இல்லாத பிள்ளையின் குறும்புக்கு நான் சிரித்தேன்.

முதலில் வந்தது அழுகை இல்லை, பொறாமை. கணக்குப் பார்த்தால் திருச்சிப் பயிற்சியில் அவளை இரண்டாவதுக்கு அனுப்பியிருக்கிறாய், கரூரில் மூன்றாவதுக்கு அனுப்பியிருக்கிறாய். அங்கே பாயில் உட்கார்ந்திருந்த யார் யாருக்கோ அவள் பல் முளைத்தது தெரியும். பெற்ற தகப்பன் எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்தவள் ஆறு வயதுக்காரி. பயிற்சி, பயிற்சி என்று ஊர் ஊராகக் கேட்டு வாங்கிக்கொண்டு நீ ஏன் ஓடுகிறாய் என்று அக்காவும் அக்கம்பக்கமும் கேட்டதற்கு, அவளுக்கு வேலையில் பிடிப்பு அதிகம் என்று நான் வக்காலத்து வாங்கினேன். பிள்ளை அங்கே இருக்கிறாள், அதனால் நீ அங்கே போகிறாய். இது எனக்கு இப்போதுதான் விளங்கியது.

உனக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பிடித்திருந்தால் அது என்னையும் பிடித்துவிட்டது. முன்பெல்லாம் சாயங்காலம் பள்ளி விட்டு யூனிபார்ம் பிள்ளைகள் கடை வழியாகப் போகும்போது, ஒரு நிமிஷம் அவள் அந்தக் கூட்டத்தில் வருகிற மாதிரி இருக்கும். பெரிய பை, சின்ன உடம்பு, ஒரு பக்கம் அவிழ்ந்த ரிப்பன். இப்போது அவள் வருவதில்லை. வகிடு கோணலான ஒருத்தி வருகிறாள். கடையைத் தாண்டும்போது என்னைப் பார்க்கிறாள், யாரென்று தெரியாதவள் மாதிரி போய்விடுகிறாள். என்னிடம் மிச்சம் இருந்தவளையும் நீ வளர்த்துக் கொண்டுபோய்விட்டாய். இதை எழுதும்போது எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

தேனிக்குச் சாமான் வாங்கப் போனவன் ஜவுளிக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். தீபாவளிக் கூட்டம். கடைப் பையன் என்ன வயசு என்று கேட்டான். ஒன்பது என்றேன். உயரம் கேட்டான். அவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த திரிஷா இப்போது என் நெஞ்சு உயரம் இருக்கிறாள், அதை நினைத்துக் கையால் காட்டினேன். மாம்பழக் கலரில் பாவாடை, பச்சைச் சட்டை. வீட்டுக்கு வந்தால் அக்காவும் பெட்டியில் வைக்க ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், ஆறு வயது அளவில். செத்த பிள்ளைக்கு வயசு ஏறுமாடா, கன்னி எப்பவும் அதே வயசுதேன் என்று என்னைத் திட்டினாள். இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் இப்போது எந்தப் படியில் இருக்கிறாள் என்று அந்தக் கம்பம் டீச்சர் கேட்டார். நாலாம் வகுப்பு, இன்னும் கொஞ்சம் அட்டைதான் பாக்கி என்றாய். சொல்லும்போது உன் குரல் இறங்கியது. ஹாலில் யாருக்கும் அது தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது. நல்லகண்ணு வாத்தியாரிடம் போன் போட்டுக் கேட்டேன். இந்த அட்டையும் ஏணியும் நாலாம் வகுப்பு வரைக்கும்தானாம், ஐந்தாவதில் வேறு முறையாம்.

அப்புறம் அவளை என்ன செய்யப் போகிறாய், ராஜாத்தி? அதற்கு மட்டுமாவது பதில் எழுது.

உன்
சுருளிவேல்


சின்னமனூர்
29.10.2010

அன்புள்ள ராஜாத்திக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்காரர் கொடுத்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்துபோய்ப் படித்தேன். கடையில் வைத்துப் படிக்கத் தைரியம் வரவில்லை.

என் பிள்ளை சாமி இல்லை, நாலாவது படிக்கிற பிள்ளை, அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். சொல்லிவிட்டேன். அக்கா ஒப்பாரி வைத்தாள். நீ சம்மதிக்காமல் இந்த வீட்டில் பெட்டி வைக்கக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டு கோம்பை பஸ் ஏறிவிட்டாள். தீபாவளிக்குப் பலகாரம் வராது, அதை நான் தாங்கிக்கொள்வேன்.

அதற்குக் கீழே நீ எழுதியிருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. நவம்பர் மூன்றாம் தேதி தர்மபுரிப் பயிற்சிக்கு நிறைவு நாள், அன்று அவள் கடைசி அட்டையை முடிக்கிறாள், ஹாலில் அதைச் சொல்லிவிடுவேன், அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து கரும்பலகையில் எழுதுகிற மாதிரி அத்தனை அழகாக இருக்கிறது. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

ராஜாத்தி, இத்தனை நாளும் நான் உன்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னை மருந்து வாங்கிவரச் சொன்னார்கள். நான் சீட்டோடு கீழே வரிசையில் நின்றேன். மேலே வந்தபோது நீ அவளைத் துணியால் போர்த்திவிட்டு, காலை மட்டும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ அழவில்லை. அவள் கடைசியாக என்ன சொன்னாள், தண்ணீர் கேட்டாளா, அப்பா எங்கே என்றாளா, எதையும் நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் நீ அட்டைகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய், பிறகு பயிற்சிக்குப் போனாய். அன்றைக்கு அவளோடு நீ தனியாக இருந்தாய். அதற்கப்புறமும் இத்தனை ஊர்களில் அவளை வைத்துக்கொண்டு தனியாகவே இருந்திருக்கிறாய்.

இந்தத் தடவையும் உன்னைத் தனியாக விடச் சொல்கிறாயா? மாட்டேன். நான் வருகிறேன். இரண்டாம் தேதி சாயங்காலம் தேனியிலிருந்து கிளம்பி, திண்டுக்கல்லிலும் சேலத்திலும் மாறி, மூன்றாம் தேதி விடியும்போது தர்மபுரியில் இறங்குவேன். இதைத் தபாலை நம்பாமல் கூரியரில் அனுப்புகிறேன். வராதீர்கள் என்று போன் பண்ணாதே, டவர் இல்லை என்று நானும் வைத்துவிடுவேன்.

ஹாலில் என்னை யாரென்று கேட்டால் மோட்டார் பார்க்க வந்தவர் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள். நான் பாயில் கடைசியில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு மூட்டு வலி கிடையாது. நீ அவளைப் பற்றி முதலிலிருந்து சொல். பல் விழுந்தது, முளைத்தது, சண்டை போட்டது எல்லாம் சொல். அந்த வாத்தியார்களுக்கு நேரம் ஆகிறது என்று அவசரப்படாதே. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அவள் இல்லை என்பதையும் சொல்லிவிடு. அவர்களைப் பார்த்துச் சொல்ல முடியாவிட்டால் என்னைப் பார்த்துச் சொல். நான் எழுந்து வந்து உன்னைப் பிடித்துக்கொள்வேன். நாலு பேர் பார்க்கிறார்களே என்று நீ என்னை முறைத்தாலும் விட மாட்டேன்.

உன்னை எந்தக் குறையும் அண்டாமல் வீரபாண்டி கௌமாரியம்மன் காக்கட்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். பஸ் கொஞ்சம் பிந்தினாலும் பிந்தும். நான் வந்து சேருகிற வரைக்கும் அந்தக் கடைசி அட்டையை அவள் கையில் கொடுத்துவிடாதே, ஆத்தா.

உன்னைத் தவிர வேறு யாரும் இல்லாத,
சுருளிவேல்